ஊடகம்: இதர

மார்ச் 3, திங்கள்

இன்று நான் சொல்லாதது: "சார், இதற்குச் சம்மதம் கொடுத்ததே நீங்கள்தான்."

அந்தச் சம்மதக் கடிதம் என் மேசையிலிருந்து எட்டடி தூரத்தில், பச்சை அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் என்ன படைக்கப்போகிறார்கள் என்று ஜூலையில் எழுதித் தரும் தாள்களை நூலகத்தில்தான் கோத்துவைக்கிறோம். பெயர்: சிந்துஜா, ஓவியத் துறை. தலைப்பு: நல்லதண்ணி. வகை: கைப்பேசியில் ஆடும் விளையாட்டு. அதற்குக் கீழே துறைத்தலைவர் சென்னியப்பன் சாரின் கையெழுத்து. முப்பது வருடமாகப் பேரூர்க் கோயில் கோபுரத்தையே வரைந்து பழகிய கை. கையெழுத்தும் கலசத்தோடுதான் நிற்கிறது.

அதே சென்னியப்பன் சார் இன்று படைப்புக் குழுக் கூட்டத்தில் சிந்துஜாவின் பெயருக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதென்ன, கேமாம்? யாருங்க இதுக்கு ஓக்கே சொன்னது?"

சிற்பத் துறை டொமினிக் சார் முறுக்கைக் கடித்தார். கலை வரலாறு எடுக்கும் வத்சலா மேடம் கண்ணாடியைத் துடைத்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். குழுவில் உறுப்பினர் இந்த மூன்று பேர்தான். நான் நான்காவது, ஓட்டு இல்லாதவள். எங்கள் கவின்கலைக் கல்லூரியில் கூட்டக் குறிப்பு எழுதுவது நூலகரின் வேலை. ஏன் என்று கேட்டால், நூலகரிடம் எப்போதும் பேனா இருக்கும் என்பார்கள்.

"கலைன்னா ஒருத்தன் முடிச்சு வெக்கோணும், இன்னொருத்தன் தள்ளி நின்னு பாக்கோணும்," என்றார் சென்னியப்பன் சார். "பாக்கறவன் கைய வெச்சு நோண்டுனா அதுக்குப் பேரு கலையில்லீங்க. ரிப்பேரு."

"ஒன்பது ரசத்துல ஜெயிக்கறதுன்னு ஒரு ரசம் கிடையாது," என்றார் வத்சலா மேடம்.

"எடை எவ்வளவுங்க சார் அது?" என்றார் டொமினிக் சார். "இல்ல, காட்சிக்கூடத்துல பீடம் போடணுமே, அதுக்குக் கேட்டேன்."

மூவரும் சிரித்தார்கள். நான் 'விரிவாக விவாதிக்கப்பட்டது' என்று எழுதினேன். ஐந்து நிமிடம் சிரித்தாலும் இரண்டு மணி நேரம் சண்டை போட்டாலும் எங்கள் கூட்டக் குறிப்பில் இந்த இரண்டு சொல்தான்.

இறுதி முடிவு ஏப்ரல் 3-ஆம் தேதி. குழு ஏற்காவிட்டால் சிந்துஜாவுக்கு இந்த ஆண்டு பட்டம் இல்லை. மறுபடி ஒரு வருடம்.

நான் ஏன் வாய் திறக்கவில்லை? பணிவு. மூத்தவரை நாலு பேர் முன்னால் திருத்தக் கூடாது என்கிற பண்பாடு. என் வேலை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் என்பதும், நூலகக் குழுவின் தலைவராக அதைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போடுபவர் சென்னியப்பன் சார் என்பதும் தற்செயல்.

மார்ச் 4, செவ்வாய்

சிந்துஜா நூலகத்துக்கு வந்தாள். கையில் 'காட்சிப் படைப்பு விவரப் படிவம்'. ஒல்லியான பெண், பெரிய பை. நூலகத்தில் நான்கு வருடமாகப் புத்தகம் எடுப்பவள். காலம் தவறித் திருப்பித் தந்ததில்லை என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

"மேம், நீளம்னு கேட்டிருக்காங்க. என்ன போடறது?"

"ஃபோனோட நீளத்தைப் போடு."

"யாரோட ஃபோனுங்க மேம்?"

நியாயமான கேள்வி. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். "பெரிய ஃபோனாவே போடச் சொல்லுங்க, மார்க்கு ரெண்டு கூட விழும்," என்றார்கள். அகலம், உயரம், எடை எல்லாம் அப்படியே நிரப்பினோம். எடை நூற்றுத் தொண்ணூறு கிராம், உறையோடு. கடைசியில் ஊடகம். எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம், களிமண், மரம், உலோகம், இதர. 'இதர'வில் டிக் செய்தாள். போன வருடம் ஒருவன் உலர்ந்த சாணத்தில் புடைப்புச் சிற்பம் செய்து இதே கட்டத்தில்தான் டிக் செய்தான். அவனுக்கு எண்பத்திரண்டு மதிப்பெண்.

"ஏத்துக்கலைன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"தறிக்குப் போயிருவேங்க மேம். சோமனூர்ல எங்களுக்கு எட்டுத் தறி. ஆளு பத்தலை. நாலு வருஷம் விட்டதே பெருசுங்கறாரு எங்கப்பா. அஞ்சாவது வருஷம்னு நான் வாயே தொறக்க முடியாது."

அழவில்லை. படிவத்தின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒருக்கா ஆடிப் பாக்கறீங்களா மேம்?"

"எனக்கு விளையாட்டெல்லாம் பழக்கமில்லை. நான் படிக்கிறவ," என்றேன். சொன்ன பிறகு, யாரோ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பேசினது போல் எனக்கே கேட்டது. அவள் அதைக் காதில் வாங்காமல் என் கைப்பேசியை எடுத்து விளையாட்டை ஏற்றிவிட்டாள்.

மார்ச் 6, வியாழன்

கூட்டக் குறிப்பு எழுதுபவளுக்கு எதைப் பற்றிய கூட்டம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதால் ஆடிப் பார்த்தேன். வேறு காரணம் இல்லை.

ஒரு வீதி. வெயில். பொதுக்குழாய் ஒன்று. அதில் ஒன்பது நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் வரும், நாற்பது நிமிடம். மற்ற நாளெல்லாம் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான். குழாயிலிருந்து வீதிக் கோடி வரை குடங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் மூன்று உன்னுடையவை. திரையின் அடியில் மூன்று பொத்தான்: வை, நகர்த்து, கேள். அவ்வளவுதான். புள்ளிகள் இல்லை. வெடி இல்லை. துப்பாக்கி இல்லை. வீட்டுக்கு எத்தனை குடம் நிறைந்து வந்தது என்பது மட்டும் கடைசியில் தெரியும். உடனே 'ஒன்பது நாள் கழித்து' என்று எழுத்து வரும். மறுபடி அதே வீதி.

படங்கள் கையால் வரைந்தவை. ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு நசுக்கல், ஒவ்வொன்றும் வேறு இடத்தில். பச்சைக் குடத்துக்காரி ஒருத்தி இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நம்மைப் பார்த்து, "சாப்டாச்சா கண்ணு?" என்கிறாள். உப்புத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டு அவள் வருவதற்குள் யாராவது அவள் குடத்தை வரிசையில் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். நாமும் தள்ளலாம். விளையாட்டு தடுப்பதில்லை, திட்டுவதில்லை.

நான் யாருடைய குடத்தையும் தொடவில்லை. என் மூன்று குடமும் நிறைந்தன. இதில் என்ன சவால் இருக்கிறது என்று தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஆறு முறை. கோப்புக்காகத்தான்.

மார்ச் 10, திங்கள்

புதிய வரவுகளுக்கு எண் ஒட்டினேன். கரையான் மருந்து அடிக்க ஆள் வரவில்லை.

சென்னியப்பன் சாரின் இலக்கணத்தை நாள் முழுக்க யோசித்தேன். பார்க்கிறவன் கை வைத்தால் கலை இல்லை. அப்படியானால் கச்சேரியில் தொடையில் தாளம் போடும் மாமாக்களை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். தேரை என்ன செய்வது? ஊரே கைவைத்து இழுக்காவிட்டால் அது வெறும் மரவேலை. புகைப்படம் வந்தபோது ஓவியம் செத்தது என்றார்கள். சினிமா வந்தபோது நாடகம் செத்தது. டிவி வந்தபோது சினிமா. கலை இத்தனை முறை செத்தும் பதினாறாம் நாள் காரியத்துக்கு யாரும் ஒரு பந்தி போட்டதில்லை.

இவ்வளவும் இங்கே எழுதியாகிவிட்டது. இந்த நோட்டு ஓட்டுப் போடாது என்பது ஒரு சின்னக் குறை.

மத்தியானம் சிந்துஜாவிடம் ஒரு தொழில்நுட்பக் கோளாறைச் சொன்னேன். மூன்றாவது பொத்தான் வேலை செய்யவில்லை என்று.

"கேள்ங்கறதுங்களா மேம்? அழுத்தினா என்ன ஆகுது?"

"ஒண்ணும் ஆகல."

"அழுத்தினீங்களா மேம்?"

வரவுப் பதிவேட்டில் ஒரு எண் விட்டுப்போயிருந்தது. அதைச் சரிபார்க்கத் திரும்பினேன்.

மார்ச் 13, வியாழன்

அம்மா பார்த்துவிட்டாள்.

"என்ன கண்ணு, ஃபோனுக்குள்ள குடம் தூக்கிட்டு இருக்கற? இங்க சமையலறையில ரெண்டு நிக்குது, அதத் தூக்குனா ஆகாதா?"

அலுவலக வேலை என்றேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கணபதிப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவிடம் போன எந்தப் பொருளும் கேட்டுத் திரும்பி வந்ததில்லை.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரையில் மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி பச்சைக் குடத்தை இரண்டு இடம் தள்ளினாள். அம்மா திரையை மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"இது என்ன பட்டன்?"

"கேள்."

அழுத்திவிட்டாள். அழுத்திக்கொண்டே கைப்பேசியைப் பார்த்து வாயாலும் கேட்டாள். "ஏனுங்க, அந்தக் குடம் இங்கதான இருந்துச்சு? எதுக்கு அக்கட்ட நகத்தறீங்க?"

வீதியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பச்சைக் குடம் பழைய இடத்துக்கு வந்தது. அந்த இழுபறியில் நேரம் போய், அம்மாவின் மூன்றாவது குடம் காலியாகவே நின்றது.

"போச்சாது போ. ஒரு குடம் உப்புத்தண்ணி குடிச்சா செத்தா போயிருவோம்," என்று கைப்பேசியைத் தந்துவிட்டு அவரைக்காய் நறுக்கப் போனாள்.

"அவ்வளவுதானாம்மா? இன்னொரு தடவை ஆடலையா?"

"அதெல்லாம் வீதியில நெசமாவே ஆடியாச்சு. யாரு கண்ணு இதப் பண்ணுனது?"

"ஒரு ஸ்டூடண்ட். இது கலையா இல்லையான்னு காலேஜ்ல பஞ்சாயத்து நடக்குது."

"அதென்னமோ. அந்தப் புள்ள வரிசையில நின்னிருக்குது," என்றாள் அம்மா. "நின்னவளுக்குத்தான் அந்த மஞ்சச்சேலை மூஞ்சி தெரியும்."

நான்கு வருடக் கலை வரலாற்றுப் பாடத்திட்டத்தில் இப்படி ஒரு வாக்கியம் இல்லை. பொத்தான் விஷயத்தை அம்மா பெரிதுபடுத்தவில்லை. நானும் பெரிதுபடுத்தவில்லை.

மார்ச் 17, திங்கள்

இரண்டாவது கூட்டம். இன்று நான் வீரமாக நடந்துகொண்டேன். அதாவது, ஜூலைக் கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து, சென்னியப்பன் சாரின் முன்னால் இருந்த காகிதக் கட்டின் மேலே, தானாகப் பறந்து வந்து உட்கார்ந்தது போல வைத்தேன். வாய் திறக்கவில்லை.

எடுத்துப் பார்த்தார்.

"அட, என்ற கையெழுத்துதான்." கொஞ்சம்கூட அசரவில்லை. "ஜூலையில நூத்திப் பன்னண்டு காயிதம் வந்துச்சுங்க. தலைப்ப மட்டும்தான் பாத்தேன். நல்லதண்ணின்னு இருந்துச்சு, சரி, நீர்வண்ணம்னு போட்டுவுட்டுட்டேன்."

"அப்ப சம்மதம் இருக்குன்னு ஆகுதுங்களே சார்," என்றார் டொமினிக் சார்.

"நான் குடுத்தது நீர்வண்ணத்துக்கு. அந்தப் புள்ள பண்ணுனது வேற. செல்லாது."

இரண்டு வாரமாக என் நெஞ்சில் வெடிகுண்டு மாதிரி சுமந்த காகிதம். ஊசிப்பட்டாசுச் சத்தம்கூட வரவில்லை.

ஆனால் டொமினிக் சார் விடவில்லை. "பாக்காம தள்ளுனா நாளைக்கு யாராவது ஆர்.டி.ஐ. போடுவாங்க சார். ஒரு தடவ பாத்துட்டே தள்ளிருவோம்," என்றார். நீதி எங்கள் ஊரில் இந்த வாசல் வழியாகத்தான் வரும்.

வத்சலா மேடத்துக்கு ஒரு சிக்கல். "ஸ்கிரீன் பாத்தா எனக்குத் தலைவலி வரும். பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக் குடுங்க, படிச்சிடறேன்."

"விதிப்படி மூணு பிரதி," என்றார் சென்னியப்பன் சார்.

விளையாட்டை அச்சடித்து மூன்று பிரதி. நான் எழுதினேன்: 'விரிவாக விவாதிக்கப்பட்டது.'

மார்ச் 20, வியாழன்

சிந்துஜா ஆடி ஆடித் திரையைப் படம் பிடித்தாள். நான் பக்க எண் போட்டேன். இருநூற்றுப் பதினான்கு பக்கம். பரதநாட்டியத்தை எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்ததற்குச் சமம். சிந்துஜா இதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பதினான்காவது பக்கம் கோணலாக விழுந்ததற்கு மட்டும் வருத்தப்பட்டாள்.

கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர் கட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்களே மேடம். ஒரு பக்கத்தை எடுத்து எரநூறு காப்பி போட்டுரட்டுங்களா?"

"இல்லைங்க, ஒவ்வொண்ணும் வேற."

மிஷினில் தாள்கள் ஓட ஓட அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நூறாவது பக்கம் வாக்கில், "இந்த ஒரு குடம் மட்டும் பின்னாலயே போயிட்டிருக்குதுங்க. பாவம், யாரோடது?" என்றார்.

விமர்சகர் என்று ஒருவர் இதுவரை கிடைத்திருக்கிறார்.

மார்ச் 24, திங்கள்

வத்சலா மேடம் தன் பிரதியைப் படித்து முடித்துத் திருப்பித் தந்தார். பென்சில் குறிப்புகளோடு. 'கதையோட்டம் மந்தம்.' 'பக்கம் 88 முதல் 131 வரை கூறியது கூறல்.' 'தலைவி யார்?'

டொமினிக் சார் தன் பிரதியைப் பிரிக்கவே இல்லை. "புஸ்தகமா எனக்கு எதுக்கு?" என்று சிந்துஜாவைக் கூப்பிட்டுக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார். மத்தியானம் வெல்டிங் பட்டறையில் வேலை எதுவும் நடக்கவில்லை என்று கேள்வி.

மார்ச் 27, வியாழன்

ஆசிரியர் அறையில் டொமினிக் சார் எனக்கு முன்னாலேயே வத்சலா மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மொத நாளே நகத்திட்டேன் மேடம். யாரும் பாக்கல. குஷியா இருந்துச்சு. மூணு குடமும் ஃபுல்லு. அடுத்த வாட்டி போறேன், அந்தப் பச்சக்குடத்து அம்மா சாப்டாச்சான்னு கேக்கவே இல்ல. கதவச் சாத்திக்கிச்சு."

"படத்துக்கெல்லாமா வருத்தப்படுவீங்க?"

"படம்தான். எனக்கும் தெரியும். ஆனா நேத்து சாப்பாட்டுல கை வெக்கும்போது அந்தம்மா ஞாபகம் வந்துச்சே. நான் செஞ்ச சிலை எதுவும் எனக்கு இந்த வேலையப் பண்ணலையே."

வத்சலா மேடம் தலைவலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, "எங்கே, காட்டுங்க," என்றார்.

சென்னியப்பன் சார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். "சின்னப் பசங்களாட்டம்," என்றார். "நான் அதத் தொடக்கூட இல்லை."

மாலையில் அவரே நூலகத்துக்கு வந்தார். கைப்பேசிக்குச் சார்ஜ் போட வேண்டுமாம். காலையில் நூறு இருந்ததாம், ஏனோ இறங்கிவிட்டதாம். செருகிக் கொடுத்தேன். திரை அணையாமல் இருந்தது. வெயில், வீதி, குழாய். பச்சைக் குடத்துக்காரியின் கதவு சாத்தியிருந்தது.

நான் பார்த்ததை அவர் பார்த்தார். இருவரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டோம்.

மார்ச் 31, திங்கள்

விடுமுறை.

மூன்றாவது பொத்தான் வேலை செய்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தப் படிவத்தை நிரப்பி ஓவியத் துறைக்கு அனுப்பினேன். என் பெயர் மைதிலி என்பதற்கு மூன்று இடத்தில் சான்றொப்பம். வழக்கமாக மறுநாளே கையெழுத்தாகித் திரும்பிவிடும்.

சிந்துஜா வந்து, "ஒண்ணுமில்லீங்க மேம், சும்மா," என்று சொல்லி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா வெள்ளிக்கிழமை டெம்போ அனுப்புகிறாராம், விடுதிச் சாமானை ஏற்ற. பாஸானாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, டெம்போ வருவது உறுதி.

"உனக்காகப் பேசறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். கேட்கிற ஆளைப் பாருங்கள்.

"டொமினிக் சார் இருக்காருங்க மேம்," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, மரியாதைக்காக, "நீங்களும் இருக்கீங்க," என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

முழுதாக எழுதிவைக்கிறேன். கூட்டக் குறிப்பிலும் இன்று இப்படித்தான் எழுதினேன்.

சிந்துஜாவை உள்ளே கூப்பிட்டு நிற்கவைத்தார்கள். டொமினிக் சார் முதலில் பேசினார்.

"நான் பாஸுங்கறேன். என்னை வெக்கப்பட வெக்கறதுக்கு வீட்டுல ஒரு ஆள் இருக்காங்க. வெளியில இதுதான் மொதத் தடவ."

வத்சலா மேடம், "கலைன்னுதான் தோணுது. ஆனா எனக்கு இதப் பிடிக்கல. ரெண்டு ராத்திரி தூக்கம் கெட்டுப்போச்சு. துறைத்தலைவர் என்ன முடிவு பண்றாரோ அதுக்கு நான் சரி," என்றார். கலை வரலாறு எப்போதும் கடைசியில்தான் முடிவு சொல்லும்.

ஆக, சென்னியப்பன் சார் கையில் வந்து நின்றது. அவர் தன் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். சிந்துஜாவை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"அம்மணி, அந்தப் பச்சக்குடத்துக்காரம்மா. அவங்க மறுபடி எப்பப் பேசுவாங்க?"

"பேசமாட்டாங்க சார்."

"அதெப்படி? மொதல்ல நான் ஒருக்கா நகத்திட்டேன். தெரியாம இல்ல, தெரிஞ்சுதான். சரி. அதுக்கப்பறம் ஒம்பது தடவ அவங்களுக்கு முன்னால எடம் வுட்டுக் குடுத்தாச்சு. என்ற குடம் மூணும் காலியாக் கொண்டுபோனேன். அப்பவும் கதவு தொறக்கல."

"அத நான் வெக்கலீங்க சார்."

"வெக்கலைன்னா? மறந்துட்டியா?"

"இல்லீங்க சார். யோசிச்சுப் பாத்தேன். வெக்க வேண்டாம்னு விட்டுட்டேன்."

"மன்னிப்புக் கேக்க ஒரு பட்டன்கூடவா இல்ல?"

"எங்க வீதியிலயும் இல்லீங்க சார்."

அவர் முகம் சிவந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் இந்த மனிதர், இதற்கு யார் சம்மதம் கொடுத்தது என்று கேட்டார். இன்று, அவள் எப்போது பேசுவாள் என்று கேட்கிறார். நடுவில் 'கலையா' என்ற கேள்வியை எங்கே தொலைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்ப இது குறை வேலை," என்றார். "ஒருத்தனைத் தப்புப் பண்ண வுட்டுட்டு, திருத்த வழி வெக்காம நிறுத்துனா அது முடிஞ்ச படைப்பு ஆகாது. முடிக்காத வேலைக்கு நான் பாஸ் போடமாட்டேன். அடுத்த வருஷம் முடிச்சுட்டு வரட்டும்."

வத்சலா மேடம் தலையாட்டினார். டொமினிக் சார் "சார்," என்று ஆரம்பித்து நிறுத்தினார். சிந்துஜா தன் பையின் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டாள், கிளம்புகிற ஆள் மாதிரி.

"சார்," என்றேன்.

நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நூலக அலமாரி பேசியிருந்தால் எப்படிப் பார்த்திருப்பார்களோ அப்படி.

"முப்பது வருஷமா நீங்க வரைஞ்ச கோபுரத்தைப் பாத்துட்டு, தான் செஞ்ச தப்பை எப்படிச் சரிபண்றதுன்னு யாராவது ஒருத்தர் உங்ககிட்ட வந்து கேட்டிருக்காங்களா சார்?"

டொமினிக் சாரின் வாயில் முறுக்கு அப்படியே நின்றது. இன்னும் பேச நிறைய வைத்திருந்தேன். தேர், கச்சேரி, புகைப்படம் எல்லாம். எதுவும் வரவில்லை.

சென்னியப்பன் சார் என் முன்னால் இருந்த கூட்டக் குறிப்பு நோட்டைக் காட்டினார்.

"எழுதிக்கோங்க," என்றார் என்னிடம். "நான் சொன்னதையும் எழுதுங்க. நீங்க கேட்டதையும் எழுதுங்க. ரெண்டு வார்த்தையில முடிக்காதீங்க."

கைப்பேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். முடிவு என்ன என்று சொல்லவில்லை. வெளியே வந்ததும் சிந்துஜா, "தண்ணி குடிக்கறீங்களா மேம்?" என்று தன் பாட்டிலை நீட்டினாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

'கோபுரத்தை' என்று சொல்லியிருக்க வேண்டாம். 'உங்கள் படங்களை' என்று சொல்லியிருந்தாலும் கேள்வி நின்றிருக்கும். நான் தேடி எடுத்து அந்த இடத்தில்தான் அடித்தேன். நிறையப் படித்தவளுக்கு எந்த இடத்தில் வலிக்கும் என்று மட்டும் நன்றாகத் தெரிகிறது.

அவருடைய கோபுரங்கள் மோசமில்லை. மழைக்கு ஐந்து நிமிடம் முன்னால் கல்லில் விழும் ஒரு வெளிச்சம், அதை அவர் பிடிக்கிற மாதிரி வேறு யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை. நான்கு வருடமாகப் பார்க்கிறேன். ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. இனிச் சொன்னால் ஒப்பந்தத்துக்காகச் சொல்வது போல இருக்கும்.

சிந்துஜாவின் டெம்போ பதினொன்றரைக்கு வந்தது. வரைபலகை, மெத்தை, இரண்டு வாளி. ஏற்றிவிட்டு அப்பாவும் மகளும் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

படைப்புக் குழுவின் மூன்று உறுப்பினர்களும் கையெழுத்திட்ட மதிப்பெண் பட்டியல் மே 12-ஆம் தேதி வெளியானது. சிந்துஜா அறுபத்தொரு மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சியடைந்தாள். என் ஒப்பந்தப் படிவம் திரும்பி வரவில்லை. நூலகத்தில் இன்று காலை வேறொருவர் பொறுப்பேற்றார்.